கிருஷ்ண பிள்ளை இறக்கிய சுமை

கோவை, ஈரோட்டு ஆலயங்களில் ஒலிக்கும் பாடல்களில் சில, வைணவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பாடியவை. அவர்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை.

நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ல் பிறந்தார். கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853-ல் சாயர்புரம் கிறிஸ்தவப் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனார். பாடம் சொல்லத்தான் போனார். மதம் மாற அல்ல! ஆனால், தம் பாவத்துக்கு மன்னிப்பு உண்டா என்ற கவலை அவரை விடவில்லை. தம்பி முத்தையா பிள்ளை முந்திக்கொண்டார். சொந்தபந்தம் என்ன சொல்லும்? 1858-ல் சென்னையில் இவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் மனத்தை ஆட்கொண்ட நூல், ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதை. அதில் யாத்திரிகன் முதுகில் பாவச் சுமை. சிலுவையடியில் அது தானே கழன்று விழுகிறது. முத்திரையிட்ட சுருள் ஒன்றும் கைக்கு வருகிறது. மோட்ச வாசலில் காட்டவேண்டிய சீட்டு அது. வழியில் அயர்ந்து தூங்கி அதைத் தவறவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்து தேடுகிறான்! இரட்சிப்பின் நிச்சயம் பெற்றவனுக்கும் இந்தத் தவிப்பு உண்டு போலும்.

மதம் மாறியவர் கம்பனை விடவில்லை. அதே கதையைக் கம்பன் வாசனையோடு 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களில் வடித்தார். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் நூலாக வந்தபோது, ஞானஸ்நானம் பெற்று 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1900-ல் காலமானார்.