மதுரையில் முதல் பஸ் விட்டவர்... யார் இந்த டி.வி.எஸ்?

தாத்தாவோட பழைய டி.வி.எஸ் 50-யை பெயின்ட் அடிச்சு, பளபளன்னு வெச்சிருக்கீங்களா? அந்த மூணு எழுத்துக்குச் சொந்தக்காரர், 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க்னு நல்ல வேலைகள்தான் பார்த்தார். எல்லாத்தையும் விட்டுட்டு, மாட்டுவண்டிகள் ஓடிய காலத்தில் 1912-ல் மதுரையில் பஸ் விட்டார்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் திண்டாட்டம். பஸ் நின்றால் தொழிலே நின்றுவிடும். மனுஷர் அசரலையே! கரியை எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட்டை உருவாக்கினார். தேய்ந்த டயர்களை ரீட்ரெடிங் செய்யவும் ஆலை நடத்தினார்.

1950-களில் ஜெனரல் மோட்டார்ஸின் மிகப்பெரிய இந்திய விநியோகஸ்தர், அவரது சுந்தரம் மோட்டார்ஸ். மகன்களிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓய்வு பெற்றவர், 1955-ல் மறைந்தார். உங்க டி.வி.எஸ் 50 வந்தது 1980-ல். அதை அவர் பார்க்கவே இல்லை!