வாயில்லா ஜீவன்களின் வக்கீல்

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு, நியூயார்க் நகரத் தெருக்களில் நெட்டையான ஒரு மனிதரைத் தினமும் பார்க்கலாம். தலையில் உயரமான தொப்பி, கையில் தடி. குதிரையை அடித்து ஓட்டும் வண்டிக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே பயம். அவர்தான் ஹென்றி பெர்க்.

குதிரைக்காகவும் மாட்டுக்காகவும் வழக்காடிய அவர், ஒரு நாள் ஒரு சிறுமிக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார். அன்று தொடங்கிய நல்ல காரியம் இன்றும் பல நாடுகளில் நடந்து வருகிறது.

பணக்கார வீட்டுப் பிள்ளை

பெர்க் 1813-ம் ஆண்டில் பிறந்தார். தந்தை கப்பல் கட்டும் தொழிலில் பெரும்பொருள் சேர்த்தவர். மகனுக்கோ தொழிலில் நாட்டம் இல்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். ஐரோப்பாவைச் சுற்றினார். நாடகங்கள் எழுதினார்; அவை எடுபடவில்லை. ஐம்பது வயது வரை அவர் பெயர் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை.

1863-ம் ஆண்டில் ஜனாதிபதி லிங்கன் அவருக்கு ரஷ்யாவில் ஒரு தூதரகப் பதவி கொடுத்தார். அங்கே ஒரு வண்டிக்காரன் குதிரையை ஈவிரக்கமின்றி அடிப்பதைப் பெர்க் கண்டார், தடுத்தார். தூதரக உடையில் இருந்தவரைப் பார்த்ததும் வண்டிக்காரன் அடங்கிவிட்டான். தனது வாழ்க்கைக்கு உரிய வேலை எது என்பது பெர்க்குக்கு அப்போது புரிந்தது.

1866-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி, பிராணிவதைத் தடுப்புச் சங்கம் நியூயார்க்கில் உதயமாயிற்று. பெர்க் அதன் தலைவர். சம்பளம் வாங்காத தலைவர்! சில நாட்களிலேயே பிராணிவதையைத் தடுக்கும் சட்டமும் வந்தது.

ஆனால் சட்டம் தானாக நடந்து போகுமா? அதைக் கையில் பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டுமே! பெர்க்கே தெருத்தெருவாகப் போனார். கோர்ட்டில் நின்றார்.

கடல் ஆமைகளைத் துளையிட்டுக் கட்டி, மல்லாக்கப் போட்டுக் கொண்டுவந்த கப்பல் தலைவன் மீது வழக்குப் போட்டார். வழக்கு தோற்றது. பத்திரிகைகள் கேலி செய்தன. பெர்க் அசையவில்லை.

பூட்டிய வீட்டில் ஒரு சிறுமி

1873-ம் ஆண்டின் கடைசியில், எட்டா வீலர் என்ற பெண்மணி ஏழைகள் குடியிருப்புகளுக்குச் சென்று தொண்டு செய்து வந்தார். ஒரு வீட்டில் ஒரு சிறுமி கொடுமைப்படுத்தப்படுவதாகக் கேள்விப்பட்டு, அங்கே போய்ப் பார்த்தார்.

கடுங்குளிர்காலம். அந்தச் சிறுமியின் காலில் செருப்பு இல்லை. உடம்பில் மெல்லிய கந்தல் உடை. தன்னால் தூக்க முடியாத பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் ஒரு தோல் சவுக்கு கிடந்தது. அது என்ன செய்தது என்பதை அவள் கைகால்களில் இருந்த தழும்புகள் சொல்லின.

அவள் பெயர் மேரி எல்லன். தந்தை இறந்துவிட்டார். தாயால் காப்பாற்ற முடியவில்லை. நகரின் தரும இலாகா அவளை ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்திருந்தது. ஒப்படைத்த பிறகு, அவள் எப்படி இருக்கிறாள் என்று அக்கறையோடு போய்ப் பார்க்க ஆள் இல்லை.

எட்டா வீலர் போலீசாரிடம் போனார், சாட்சியம் கேட்டார்கள். தரும ஸ்தாபனங்களிடம் போனார். சட்டப்படி குழந்தையைக் கொண்டுவந்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். மாதங்கள் ஓடின. கடைசியில் அவர் பெர்க்கின் கதவைத் தட்டினார்.

கோர்ட்டில் மேரி எல்லன்

பெர்க், கண்டதையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். உண்மையை விசாரிக்க ஆள் அனுப்பினார். தமது வக்கீல் எல்பிரிட்ஜ் கெர்ரியிடம் வழக்கை ஒப்படைத்தார்.

சிறுமியையும் ஒரு பிராணி என்று சொல்லி, பிராணிவதைச் சட்டத்தின்படி மீட்டதாக ஒரு கதை உண்டு. அது சரியல்ல. பெர்க் சங்கத் தலைவராக வரவில்லை, தனிமனிதராகவே வந்தார். பிறர் பிடியில் இருப்பவரைக் கோர்ட்டின் முன் கொண்டுவர வகைசெய்யும் பழைய சட்டமுறை ஒன்றைக் கெர்ரி தேடிப் பிடித்தார்.

1874-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந்தேதி, ஒரு கம்பளியில் சுற்றி மேரி எல்லனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தில் கத்தரிக்கோல் கிழித்த காயம். தன் வயது என்ன என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அநேகமாகத் தினமும் அடி விழுந்ததாகச் சொன்னாள். யாரும் தன்னை முத்தமிட்டதாகத் தனக்கு நினைவே இல்லை என்றும் சொன்னாள். கேட்டவர்கள் கலங்கிப்போனார்கள்.

வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

தீர்ப்புக்குப் பிறகு

வழக்கு ஜெயித்தது. வேலை முடிந்ததா? இல்லை. மேரி எல்லனை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் வயதில் மூத்த, வழிதவறிய பெண்கள். அது அவளுக்கு ஏற்ற இடம் அல்ல என்று எட்டா வீலர் மறுபடியும் பெர்க்கிடம் முறையிட்டார். நீதிபதியின் சம்மதத்துடன், கிராமத்தில் இருந்த எட்டாவின் தாயிடம் சிறுமி போய்ச் சேர்ந்தாள். அந்த அம்மாள் இறந்ததும், எட்டாவின் தங்கை அவளை வளர்த்தார்.

இதே போல எத்தனை மேரி எல்லன்களோ! பெர்க்கும் கெர்ரியும் சும்மா இருக்கவில்லை. 1874 டிசம்பரில் குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. பிறகு இங்கிலாந்திலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1977-ல், அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சுக்கப் ஒரு புதிய ஏற்பாடு செய்தார். பெற்றோரால் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளின் வழக்குகளில், குழந்தையின் சார்பில் பேசச் சாதாரண மக்களைப் பழக்கினார். அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. குழந்தையைப் போய்ப் பார்ப்பார்கள். ஆசிரியரையும் டாக்டரையும் விசாரிப்பார்கள். குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதிக்கு எழுதித் தருவார்கள். அன்று எட்டா வீலர் செய்தது இதைத்தானே!

அதே ஆண்டில்

1888-ம் ஆண்டு மார்ச் 12-ந்தேதி, நியூயார்க்கைப் பெரும் பனிப்புயல் மூடியிருந்தபோது ஹென்றி பெர்க் காலமானார்.

அதே ஆண்டில் மேரி எல்லனுக்குத் திருமணம் நடந்தது. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஒரு மகளுக்கு எட்டா என்று பெயர் வைத்தாள். இரண்டு பெண்களும் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். அனாதைச் சிறுமி ஒருத்தியையும் அவள் எடுத்து வளர்த்தாள். 92 வயது வரை வாழ்ந்து, 1956-ல் மறைந்தாள்.

முத்தம் என்றால் என்ன என்று அறியாத அந்தக் குழந்தை, மூன்று பெண்களுக்கு அம்மா ஆனாள்.