எருக்குழிக்கும் கணக்கு எழுதிய சீமைப் படிப்பாளி

பம்பாயில் அவருக்குச் சொந்தமாக ஒரு ஆபீஸ் இருந்தது. கம்பெனிகளின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் ஆபீஸ். கோட்டும் சூட்டும்தான் அவருடைய உடுப்பு. நல்ல வருமானம்.

அந்த மனிதர் கடைசிக் காலத்தில் விருதுநகருக்கு வடமேற்கே தே.கல்லுப்பட்டிக்கு வந்தார். கரிசல் காட்டு ஊர். அங்கே கதர் உடுத்தி, சிறிய வீட்டில் வாழ்ந்தார். குப்பையும் மலமும் கூட நாட்டின் செல்வம் என்று எடுத்துச் சொல்லி வந்தவர் அவர்.

அவர்தான் ஜே.சி. குமரப்பா.

சீமையில் படிப்பு

1892 ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மகன் லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். பிறகு பம்பாயில் தொழில் நடத்தினார். 1927-ல் அமெரிக்கா சென்று, சைரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றார். இந்தியாவின் வறுமைக்கும் வெள்ளைக்காரர் ஆட்சியின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிதான் அவரைக் காந்தியடிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1929 மே 9-ந் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். ஒரு மரத்தடியில் கிழவர் ஒருவர் ராட்டை சுற்றிக் கொண்டிருந்தார். காந்தியைப் பார்க்கச் சொன்ன நேரம் வரவில்லை. எனவே கிழவர் நூல் நூற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கிழவரே பேச்சுக் கொடுத்தார். அவர்தான் காந்தி! குமரப்பா பட்டு உடுப்போடு சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து விட்டார். 

ஊர் சுத்தம்

1934-ல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. காரியதரிசி குமரப்பா. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் சங்கம் நடந்தது. செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, காகிதம் செய்தல் எல்லாம் அங்கே உண்டு. இவற்றோடு ஊர் சுத்தமும் சங்கத்தின் வேலையாக இருந்தது.

பக்கத்தில் சிந்தி என்று ஒரு கிராமம். ஊர் வழியெல்லாம் மலம். காந்தியடிகளின் சீடர்களான மீராபென், மகாதேவ தேசாய் முதலியோர் வாளியும் மண்வெட்டியும் எடுத்துப்போய்த் தினமும் அள்ளினார்கள். ஊர்க்காரர்களோ பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அள்ளி முடித்த இடத்திலேயே மறுநாளும் உட்கார்ந்தார்கள். மலம் அள்ளுவது ஒரு ஜாதியின் வேலை என்று நினைத்துப் பழகிய ஊர் அது. நம் ஊர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது?

மண் செய்யும் வேலை

அந்தக் காலத்துத் தொண்டர்கள் கையாண்ட முறை மிக எளியது. ஒரு அடிக்கும் குறைவான ஆழத்தில் நீளமாக ஒரு சால் வெட்ட வேண்டும். குறுக்கே இரண்டு பலகை. சுற்றிலும் ஓலைத் தட்டி. போனவர் தாமே வெட்டிய மண்ணைத் தள்ளி மூட வேண்டும். ஒரு பகுதி நிரம்பியதும் தட்டியை நகர்த்தி வைக்க வேண்டும். மலத்தை இன்னொருவர் தலையில் சுமக்கவே வேண்டாம்.

ஏன் ஆழமாக வெட்டக் கூடாது தெரியுமா? மேல் மண்ணில்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஏராளம். அவை மலத்தைச் சீக்கிரம் மக்க வைக்கும். பூர் என்ற ஆங்கில வைத்தியர் இதை எழுதியிருந்தார். காந்தியடிகளும் அதைப் பரப்பினார்.

சருகு, வைக்கோல், சாணி ஆகியவற்றோடு மலத்தை அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைப்பது இன்னொரு முறை. குவியல் சரியாக இருந்தால் உள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டில் நோய்க் கிருமிகளும் பூச்சி முட்டைகளும் சாகும். அரைகுறையாக மக்கியதை வயலில் போட்டால் ஆபத்துதான்.

குமரப்பா கணக்கர் அல்லவா? மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்ப வேண்டும் என்றார். திருப்பாவிட்டால் அது முதலைத் தின்பது போல. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் இந்தச் சுழற்சியைத்தான் விளக்கினார். எருவை வீணடித்து, உரத்துக்குப் பணம் கொடுத்து, காலராவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் வைத்தியச் செலவும் செய்வது எந்தக் கணக்கில் சேரும்?

கரிசல் காட்டில்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டாற்றில் வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான். ஊர்கள் சிறியவை; ஒன்றுக்கொன்று தூரம். நகரத்தைப் போலப் பாதாளச் சாக்கடை போட்டால், கொஞ்சம் வீடுகளுக்கு மைல் கணக்கில் குழாய் பதிக்க வேண்டும். குழாயில் கழிவு ஓடத் தண்ணீரும் வேண்டும். குடிக்கக் குடம் சுமக்கிற ஊரில் அதற்கு எங்கே போவது?

கரிசல் மண்ணில் இன்னொரு சங்கடம். ஈரம் பட்டால் உப்பும். தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சாது. 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் இரட்டைக் குழிக் கக்கூஸ் சிபாரிசு செய்யப்பட்டது. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். மூடிய குழியில் மலம் எருவாகும். செம்மண்ணில் இது எளிது. கரிசலில் குழியைச் சுற்றி மணலும் சரளையும் போட்டால்தான் தண்ணீர் இறங்கும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், குழி தொட்டியாகி விடும். நிறைந்ததும் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த லாரி கண்மாயில் போய்க் கொட்டாமல் இருக்க, தமிழக அரசு 2014-ல் விதிமுறைகள் வகுத்தது. மனிதன் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டங்கள் தடை செய்தன.

கடைசி நாட்கள்

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குக் குமரப்பா தலைவராக இருந்தார். 1949-ல் அறிக்கை கொடுத்தார். பெரிய தொழிற்சாலைகளை நம்பிய டில்லிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ரத்தக் கொதிப்பும் வாட்டியது. தே.கல்லுப்பட்டியில் கோ. வெங்கடாசலபதி 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். 1960 ஜனவரி 30-ந் தேதி உயிர் பிரிந்தது. அன்று காந்தியடிகள் மறைந்த 12-வது ஆண்டு நினைவு நாள்.