இணையத்துக்குப் பாதுகாவலரான 7ஆம் நூற்றாண்டு ஆயர்

இணையத்தில் பணியாற்றுவோருக்கும் அதில் தகவல் தேடுவோருக்கும் பாதுகாவலராகக் கத்தோலிக்கர் பலர் கருதுபவர், கணினி தோன்றுவதற்கு 1300 ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்த ஒரு ஸ்பானிய ஆயர். செவில் நகரின் புனித இசிதோர்தான் அவர். வத்திக்கான் இந்தப் பட்டத்தை முறைப்படி அறிவிக்கவில்லை. மக்கள் வழக்கிலேயே அது நிலைத்துவிட்டது. அதற்கான காரணம் அவரது வாழ்க்கையில் இருக்கிறது.

இசிதோர் சுமார் 560ஆம் ஆண்டில் பிறந்தார். மேற்கு உரோமப் பேரரசு வீழ்ந்து, ஸ்பெயினை விசிகோத்து அரசர்கள் ஆண்ட காலம் அது. பழைய பாடசாலைகள் மறைந்துகொண்டிருந்தன. பழைய நூல்களைப் படிப்போரும் குறைந்துகொண்டிருந்தனர். இளமையில் பெற்றோரை இழந்த இசிதோரை அண்ணன் லியாண்டரே வளர்த்தார். செவில் ஆயராக இருந்த லியாண்டர் சுமார் 600இல் இறந்தபோது, அந்தப் பொறுப்புத் தம்பியிடம் வந்தது. இறக்கும்வரை அவர் அதில் இருந்தார்.

அழியும் அறிவைத் திரட்டி வைப்பதே தன் கடமை என இசிதோர் எண்ணினார். அந்த எண்ணத்தில் உருவானதே எத்திமோலோகியே என்ற இலத்தீன் கலைக்களஞ்சியம். அதில் 20 பகுதிகள் உள்ளன. இலக்கணம், கணிதம், மருத்துவம், சட்டம், விலங்குகள், கப்பல், கட்டடம், உணவு, வீட்டுப் பொருட்கள் என எல்லாமே அதில் இடம்பெற்றன. 10ஆம் பகுதியில் சொற்களை அகரவரிசையில் அடுக்கினார். அவர் முடிக்காமல் விட்ட நூலைச் சரகோசா ஆயர் பிராவுலியோ ஒழுங்குபடுத்தினார். ஏறத்தாழ ஆயிரம் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் எஞ்சியுள்ளன. 1472இல் அது அச்சேறியது.

ஆனால் திரட்டியதெல்லாம் சரியானதல்ல. அழுகிய மாட்டிறைச்சியிலிருந்து தேனீக்கள் பிறக்கின்றன என்ற பழைய நம்பிக்கையையும் அவர் உண்மையாகவே எழுதினார். பிரதி எடுத்தவர்கள் வழியாக அந்தத் தவறும் நூற்றாண்டுகளாகப் பரவியது. இணையத்தின் வலிமையும் பலவீனமும் இந்த ஒரே நூலில் தெரிகின்றன.

அவரது பொதுவாழ்விலும் இரு பக்கங்கள் உண்டு. 633இல் அவர் தலைமை தாங்கிய நான்காம் தொலேதோ சங்கம், இளம் குருமாணவரின் கல்விக்கு விதிகள் வகுத்தது. யூதர்களை இனி வற்புறுத்தி மதம் மாற்றக்கூடாது என்றது. ஆனால் மன்னர் சிசெபுத் காலத்தில் ஏற்கனவே வற்புறுத்தி மாற்றப்பட்டோர் கிறிஸ்தவத்தை விட்டு வெளியேற அது அனுமதிக்கவில்லை.

முதுமையில் மரணம் நெருங்கியதை உணர்ந்த இசிதோர், தன் உடைமைகளை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். ஆலயத்தில் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். 636 ஏப்ரல் 4ஆம் திகதி காலமானார். 1722இல் பாப்பரசர் 13ஆம் இன்னொசென்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

இன்று தகவல் திரட்டுவது எளிது, சரிபார்ப்பதுதான் கடினம். இசிதோரிடம் சரிபார்க்கும் வசதிகள் இருக்கவில்லை. நம்மிடம் இருக்கின்றன.