ஆழிக்குமரன் ஆனந்தனும் 220 என்ற கணக்கும்

மாங்குளம் சந்தியிலிருந்து ஏ9 வீதியோரமாக விடிய நடப்பவர்கள் சிலரின் கையில் இப்போது துடிப்பு எண்ணும் கடிகாரம் இருக்கிறது. 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு என்பதுதான் அவற்றில் பலவற்றின் கணக்கு. அமெரிக்க ஆய்வாளர்களான ஃபொக்ஸ், நோட்டன், ஹஸ்கெல் ஆகியோர் 1971இல் வெளியிட்ட கட்டுரையே அதன் வேர். பழைய தரவுகளின் ஊடாகக் கண்மட்டத்தில் இழுத்த கோடு அது.

அதே 1971இல்தான் வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணித்தியாலங்கள். அப்போது அவருக்கு 28 வயதளவில். சூத்திரப்படி உச்சத் துடிப்பு 192. இரண்டு இரவுகளையும் தாண்டி நீந்திய உடலைப் பற்றி அந்த எண் என்ன சொல்லும்?

1943இல் பிறந்த ஆனந்தன் தொழிலால் சட்டத்தரணி. நீச்சலோடு நிற்கவில்லை. 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலங்களுக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். வேடிக்கையாகத் தெரியலாம், செய்து பார்த்தால் தெரியும். கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது, ஆழிக்குமரன் என்ற பட்டம் நிலைத்தது.

ஜூலைக் கலவரம் நடந்து ஓராண்டில், 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். வயது 41. சூத்திரம் தரும் எண் 179. 2001இல் வந்த திருத்தமான கணக்கும் (208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது) அதே 179ஐத்தான் தருகிறது. கால்வாயின் குளிர் எந்தக் கணக்கிலும் இல்லை.

இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுக்காரர் இருவருக்கிடையில் 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். நீச்சலிலும், கைகளால் மட்டும் செய்யும் பயிற்சியிலும் உச்சம், ஓடும்போது வருவதைவிடக் குறைவு.

வன்னியில் இது சின்ன விடயமல்ல. ஷெல் வீச்சில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் நம்மிடையே பலர். காயம் நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே என்றால், இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புக் கட்டளை முழுதாகப் போய்ச் சேராது. கழுத்தில் காயமென்றால் துடிப்பு 130ஐத் தாண்டுவதே பெரும்பாலும் அரிது. அவர்கள் 179ஐத் துரத்தினால் வீண் களைப்புத்தான். அற்றெனலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

இவர்களுக்கு எளிய அளவு மூச்சுத்தான்: பயிற்சியின்போது பேச முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். தொடங்குமுன் வைத்தியரிடம் போகிறவர்கள் காயத்தின் இடத்தையும் மாத்திரையின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.