பணத்தைப் பாடிய கலைவாணர்

ஆரியசாலைக் கடைத்தெருவில் இரும்புப் பெட்டிகளைக் காணுந்தோறும் எனக்குக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நினைவே வரும்.

அன்றைய திருவிதாங்கூரில், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். நாடகமும் திரையும் செல்வத்தைக் குவித்தன. கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். புகழின் உச்சியிலேயே ஆபத்தும் வந்தது. 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை புகுந்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது; 1947-இல் விடுதலையானார்.

சிறை அவர் சிரிப்பைக் குலைக்கவில்லை. 1952-இல் தாமே இயக்கிய ‘பணம்’ படத்தில், காணாமற்போன பணத்தைக் கள்ளச் சந்தையிலும் கஞ்சனிடத்திலும் உண்டியலிலும் தேடிப் பாடி, நாட்டையே நகைக்க வைத்தார். 1957-இல் மறைந்தார்.

தோழர்களே! பணத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் அதற்கு அடிமையாவதில்லை. அவர் வாழ்வில் நான் கற்ற பாடம் இதுவே.