கைவிளக்கும் கணக்கேடும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல் மாணவி)

எண்ணும் எழுத்தும் மனிதனுக்கு இரு கண்கள் என்று அரிச்சுவடி பயிலும் வயதிலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த இரு கண்களாலும் நோயாளியின் படுக்கையைப் பார்த்த பெருமாட்டி ஒருவர் உண்டு. அவரை நாம் கைவிளக்கேந்திய காரிகை என்று மட்டுமே அறிந்திருக்கிறோம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும், நள்ளிரவில் விளக்கேந்தி, காயமுற்ற வீரர்களின் படுக்கைகளுக்கிடையே நடந்துவரும் அன்னையின் உருவமே நம் மனக்கண்முன் நிற்கிறது. அவ்வுருவம் பொய்யன்று; ஆயினும் அது பாதி உண்மையே. அம்மையாரின் மற்றொரு கையில் கணக்கேடு இருந்தது. புள்ளியியல் பயிலும் மாணவி என்ற முறையில் அந்த மற்றொரு கையைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

நைட்டிங்கேல் அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் கொழித்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. தந்தையே ஆசிரியராக அமர்ந்து மொழிகளும் வரலாறும் தத்துவமும் கற்பித்தார். மகளின் உள்ளமோ கணிதத்தில் தோய்ந்தது. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்ற தயக்கம் அந்தச் செல்வர் மாளிகையிலும் இருந்தது. செவிலியர் ஆகப் போகிறேன் என்று அவர் சொன்னபோதோ வீடே அதிர்ந்தது. அந்நாளில் அது மதிப்பற்ற வேலை; வேறு போக்கிடமில்லாதவர்கள் செய்யும் வேலை. ஆண்டுக் கணக்கில் போராடி, 1851-இல் ஜெர்மனியின் கைசர்சுவெர்த் நிலையத்தில் மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். 1853-இல் இலண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளரானார்.

அடுத்த ஆண்டு கிரிமியப் போர் அவரை அழைத்தது. 38 பெண்களுடன் புறப்பட்டு, 1854 நவம்பர் 4-ஆம் நாள், துருக்கியின் ஸ்கூட்டாரியிலிருந்த இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அங்கே கட்டடத்தின் அடியில் சாக்கடை தேங்கி நின்றது. மேலே வீரர்கள் நெருக்கியடித்துக் கிடந்தனர். துணியில்லை, நல்ல உணவில்லை. அம்மையாரைத் திடுக்கிடச் செய்த குறை மற்றொன்றும் உண்டு. எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கே ஒழுங்கான கணக்கில்லை. ஒரு பதிவேடு சொன்னதை மற்றொரு பதிவேடு மறுத்தது. உயிர் போனதுமன்றி, போன கணக்கும் போயிற்று.

1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைத் துப்புரவு செய்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 என்ற அளவுக்குத் தாழ்ந்தது.

நண்பர்களே, இந்த எண்களைச் சற்று நின்று நோக்குங்கள். அம்மையாரும் தோழியரும் இரவு பகல் பாராது உழைத்த அந்தக் குளிர்காலத்தில்தான் அத்தனை சாவும் நிகழ்ந்தது. அன்பில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை. ஆயினும் மக்கள் மாண்டனர். காரணம் காலடியில் ஓடிய சாக்கடை! நாடு திரும்பியபின், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் அவர்களுடன் அமர்ந்து கணக்குகளை அலசியபோது, சாவில் முன்னின்ற இடம் தாம் பணியாற்றிய ஸ்கூட்டாரியே என்பது வெளிப்பட்டது. ஊரே தம்மைப் புகழ்ந்து பாடிய நேரம் அது. வேறொருவராயின் அந்தத் தாளை மடித்து வைத்திருப்பர். அம்மையாரோ அதனை அரசின் முன் வைத்தார்.

வைத்த முறையும் புதுமையானது. அட்டவணை நிறைய எண்களை இட்டால் அமைச்சர்கள் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதை உணர்ந்து, 1858-இல் வண்ண வட்டப் படம் வரைந்தார். ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு துண்டுகள். துண்டின் பரப்பு இறப்பின் அளவைக் காட்டும். தடுக்கக்கூடிய நோய்களால் வந்த சாவு நீலம். காயத்தால் வந்தது சிவப்பு. பிற காரணங்கள் கறுப்பு. படத்தைக் கண்டவர்கள் முன் நீலம் விரிந்து கிடந்தது. சிவப்போ ஒடுங்கிக் கிடந்தது. பகைவனின் குண்டைவிட நோயே வீரர்களைத் தின்றது என்பதை அறிய எழுத்தறிவுகூடத் தேவைப்படவில்லை. அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

அடுத்து அவர் கண்டது இன்னும் ஆழமான குறை. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குத் தோன்றியவாறு கணக்கெழுதியது. நோயின் பெயரே இடத்துக்கு இடம் மாறியது. அளவுகோல் வேறாயின் ஒப்பிடுவது எங்ஙனம்? ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர் எத்தனை பேர், சேர்ந்தவர், குணமடைந்தவர், இறந்தவர், தங்கிய நாள்கள் ஆகிய அனைத்தையும் ஒரே முறையில் எழுதப் பொதுப் படிவங்களை வகுத்தார். 1860-இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில் அவை முன்வைக்கப்பட்டன. இலண்டன் மருத்துவமனைகள் சில அவற்றைக் கையாண்டும் பார்த்தன. ஆனால் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

அதே 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கியது. முதல் அணியில் 15 பேர். கட்டுப்போடவும் படுக்கை விரிக்கவும் மட்டும் அங்கே கற்பிக்கப்படவில்லை. நோயாளியை உற்று நோக்கவும், நோக்கியதைப் பிழையின்றிச் சொல்லவும் எழுதவும் பயிற்றினர். ஒவ்வொரு மாணவியின் முன்னேற்றமும் மாதந்தோறும் தாளில் பதியப்பட்டது. நன்றாகத் தூங்கினாரா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்வது செவிலியர் விடையாகாது. எத்தனை மணி நேரம், எப்போது விழித்தார் என்று சொல்வதே விடை. இதுவே அவர் வகுத்த பாடத்தின் சாரம்.

அவருடைய நேர்மைக்கு மற்றொரு சோதனை வந்தது. கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் தம் நிதியால் நடந்த மருத்துவச்சிப் பயிற்சிப் பிரிவில் பிரசவ ஜன்னியால் தாய்மார் இறந்தனர். 1867-இல் அப்பிரிவு மூடப்பட்டது. அத்துடன் அமையாமல், பல நாடுகளின் பேறுகால இறப்புக் கணக்குகளைத் திரட்டி 1871-இல் நூலாக்கினார். வீட்டில் பெற்றவர்களைவிட, பிரசவ விடுதிகளில் பெற்றவர்களே மிகுதியாக இறந்தனர் என்று அவ்வெண்கள் காட்டின.

இந்த இடத்தைப் படித்தபோது என் நெஞ்சில் எங்கள் பாட்டி வந்து நின்றார். பாட்டிக்குப் பிறந்தவை ஏழு, தங்கியவை நான்கு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். அந்த மூவரும் எந்த ஆண்டு பிறந்தனர், எந்த நோயால் போயினர் என்று கேட்டேன். மூத்தது மழைக்காலத்தில் போனது என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மூவரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதப்படாத சாவிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. புள்ளியியல் எதற்குப் பயன்படும் என்று வீட்டில் கேட்பவர்களுக்கு, அன்றுமுதல் என்னிடம் ஒரு விடை உண்டு.

நம் நாட்டுக்கும் அம்மையார் கடன்பட்டவரல்லர். நாமே அவருக்குக் கடன்பட்டவர்கள். இந்திய மண்ணில் அவர் காலடி பட்டதே இல்லை. ஆயினும் இங்குள்ள இருநூறுக்கும் மேற்பட்ட இராணுவ நிலையங்களுக்கு வினாப்படிவம் அனுப்பி விடை பெற்றார். 1863-இல் வெளிவந்த அறிக்கை, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததைக் காட்டியது. பத்தாண்டில் அது 18 ஆகக் குறைந்ததை அவரே எடுத்துரைத்தார். வீரர்களில் தொடங்கிய அக்கறை இந்நாட்டு மக்கள்மேலும் படர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பற்றியும் எழுதினார். இவற்றுள் பெரும்பகுதியை நோய்ப் படுக்கையில் இருந்தவாறே செய்தார் என்பது வியப்பினும் வியப்பு!

ஆக்ஸ்போர்டில் பயன்முறைப் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி அமைய வேண்டுமென 1891-இல் அவர் முயன்றார், அது கைகூடவில்லை. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் மறைந்தார். கல்லறையில் அவருக்கெனப் பொறித்தவை பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும் இறந்த நாளுமே.

அவர் இட்ட வித்து பின்னர் ஒரு துறையாக முளைத்தது. கணிப்பொறி மருத்துவமனைக்குள் நுழைந்தபின், செவிலியர் எழுதும் வெப்பநிலை, நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து, ஆறாத புண் ஆகிய குறிப்புகளைத் திரட்டிப் பயன்கொள்ளும் கல்வி பிறந்தது. செவிலியத் தகவலியல் என்று அதைச் சொல்லலாம். 1988-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் அதில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 1992-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் அதனைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. கருவி மாறியதேயன்றிச் சிக்கல் மாறவில்லை. ஒரே நோயை இருவர் இரு பெயரில் எழுதினால் கணிப்பொறியும் கையைப் பிசையும்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நாளை ஏதேனும் ஒரு பதிவேட்டின் முன் அமரப் போகிறோம். அது வட்டாட்சியர் அலுவலகமாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையமாகவும் இருக்கலாம். மாலை நேரம் நெருங்கும்; வரிசை நீளும்; ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் என்ன என்று கை தயங்கும். நமக்கே பாதகமான எண்ணாயின் சற்றுத் திருத்தி எழுதவும் மனம் துணியும். அவ்வேளையில், தம் புகழுக்கே எதிராக நின்ற கணக்கை மறைக்காது எழுதிய அந்த அம்மையாரை நினைப்போமாக. அந்தக் கட்டத்தை உள்ளது உள்ளபடி நிரப்புவோமாக.